வலப்பக்கத்தில் இருந்து வருபவருக்கே முதல் வழி

ஜெர்மனிக்குக் குடிவரும் நம்மவர்கள் வீடு கிடைத்து, குழந்தைக்குக் கிண்டர்கார்ட்டனில் இடமும் கிடைத்துவிட்டால் அடுத்து விசாரிப்பது இதைத்தான்: "நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே செல்லுமா?" ஆளுக்கு ஒரு பதில் வரும். ஆறு மாதம் என்பார் ஒருவர், ஒரு வருடம் என்பார் இன்னொருவர். இன்டர்நேஷனல் பெர்மிட் கையில் இருந்தால் கவலையே வேண்டாம் என்று தைரியம் சொல்பவர்கள் உண்டு. ஆறு மாதம் முடிவதற்குள் ஒரு தடவை ஊருக்குப் போய்வந்தால் கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும் என்றுகூட ஒருவர் என்னிடம் சொன்னார், அதுவும் ரொம்ப நம்பிக்கையாக. ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். நான் இங்கே லைசென்ஸ் மாற்றி முடித்ததில் இருந்து, புதிதாக வருகிற குடும்பங்கள் எல்லாம் என்னிடம்தான் இதைக் கேட்கின்றன. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் வாங்கிய லைசென்ஸ், இங்கே குடியேறிய நாளில் இருந்து 6 மாதம் செல்லும். மொத்தமே 12 மாதத்துக்கு மேல் தங்கப் போவதில்லை என்று ஆதாரத்தோடு காட்டினால், இன்னும் 6 மாதம் வரை நீட்டித்துத் தர இடமுண்டு. "ஒரு வருடம்" என்ற பேச்சு கிளம்பியது இதில் இருந்துதான். இன்டர்நேஷனல் பெர்மிட் என்பது நம் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். அது அந்த 6 மாதத்தை ஒரு நாள்கூட நீட்டாது. நடுவில் ஊருக்குப் போய்வந்தாலும், வீடும் பதிவும் இங்கேயே இருக்கும்வரை கணக்கு புதிதாகத் தொடங்காது.

அந்த 6 மாதம் தாண்டியும் ஓட்டினால் அபராதச் சீட்டோடு போய்விடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி அது குற்ற வழக்கு. அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: லைசென்ஸ் இல்லாதவர் தன் காரை ஓட்டுவதற்கு விடுகிற உரிமையாளரும் குற்றவாளிதான். "பக்கத்துக் கடைவரைக்கும்தானே, நீ எடுத்துட்டுப் போ" என்று மனைவியிடம் சாவியைக் கொடுக்கும் கணவருக்கு இது தெரிய வேண்டும். இங்கே வேலை, விசா, பின்னால் குடியுரிமை என்று எல்லாமே ஏதோ ஒரு கட்டத்தில் போலீஸ் பதிவைத் தொட்டுக்கொண்டு போகிறவை. கடைக்குப் போகும் பத்து நிமிடத்துக்காக அதையெல்லாம் பணயம் வைக்கக் கூடாது.

சரி, மாற்றுவது எப்படி? இங்கேதான் எனக்கு முதலில் மனம் கசந்தது. ஓட்டுநர் உரிம விதிகளின் பின்னிணைப்பு 11 என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள நாடுகளின் லைசென்ஸை எந்தத் தேர்வும் இல்லாமல், சிலவற்றுக்கு ஒரே ஒரு தேர்வோடு, மாற்றிக் கொடுப்பார்கள். ஜப்பான் இருக்கிறது, தென் கொரியா இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. நாமென்றால் தியரி, பிராக்டிகல் இரண்டையும் எழுதியும் ஓட்டியும் காட்ட வேண்டும்.

திண்டுக்கல்காரி ஒருத்தி, என் தோழி, சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்தபோது அங்கே லைசென்ஸ் எடுத்திருந்தாள். இங்கே வந்து அதை மொழிபெயர்த்துக் கொடுத்தாள். தேர்வு எதுவும் கிடையாது, ஜெர்மன் லைசென்ஸ் வந்துவிட்டது. ஊரில் அவளைவிட அதிக வருடம் கார் ஓட்டியவள் நான். இதில் அவள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் அந்தப் பட்டியல் இரண்டு அரசுகள் தங்களுக்குள் பேசி முடித்ததைப் பொறுத்தது, ஓட்டுகிறவரின் கையையும் கண்ணையும் பார்த்து எழுதியது இல்லை என்பதைப் புரிந்துகொள்ளச் சில நாள் ஆனது. புரிந்தபிறகு, நம்மை மட்டமாகப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் குறைந்தது. நம் அரசு இதைப் பேசி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

பட்டியலில் இல்லாத நமக்கும் ஒரு சலுகை உண்டு. புதிதாக லைசென்ஸ் எடுக்கும் ஜெர்மானியப் பையன் 14 இரட்டை வகுப்பு தியரி உட்கார வேண்டும். ஊருக்கு வெளியே 5, ஆட்டோபான் என்கிற அதிவேக நெடுஞ்சாலையில் 4, இருட்டில் 3 என்று 12 சிறப்புப் பாடங்கள் கட்டாயமாக ஓட்ட வேண்டும். மொத்தத்தில் செலவு 3,000 யூரோ அளவுக்குப் போய்விடும். ஊர் லைசென்ஸ் வைத்திருக்கும் நமக்கு இந்தக் கட்டாயப் பயிற்சி எதுவும் இல்லை. தேர்வு மட்டும் எழுதினால் போதும். ஆனால் பிராக்டிகல் தேர்வை டிரைவிங் ஸ்கூல் காரில்தான், அவர்களுடைய ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஓட்ட முடியும் என்பதால் ஏதாவது ஒரு ஃபார்ஷூலேயில் (டிரைவிங் ஸ்கூலுக்கு இங்கே அதுதான் பெயர்) சேராமல் முடியாது. சேர்ந்துவிட்டு, பாடம் ஒன்றுக்கு 60, 70 யூரோ ஆகிறதே என்று பார்த்து, "பத்து வருசமா ஓட்டுறேன், எனக்கு எதுக்குப் பாடம்" என்று நேராகத் தேர்வுக்குப் போகிறார்கள் நம்மவர்கள். நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் வேண்டாம் என்று சொன்னாலும் பாடம் எடுங்கள், நிறையவே எடுங்கள். காரை ஓட்டுவது நமக்குத் தெரியும். இங்கே அவர்கள் பார்ப்பது வேறொன்றை.

அது என்ன என்பதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கட்டடத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து ஐயா. 80-களில் இங்கே வந்தவர், ஓய்வு பெறும்வரை டெலிவரி வண்டி ஓட்டியவர். நான் தியரிக்குப் படிக்கிறேன் என்றதும் சொன்னார்: "பிள்ளை, இஞ்ச கார் ஓடத் தெரிஞ்சாக் காணாது. மற்றவன் என்ன செய்யப் போறான் எண்டு உங்களுக்கு முதலே தெரிய வேணும். நீங்கள் என்ன செய்யப் போறீங்கள் எண்டு அவனுக்கும் தெரிய வேணும்." அப்போது தலையாட்டினேன். காரில் உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது.

தியரியை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வித் தொகுப்பில் ஆயிரத்துக்கும் மேல் கேள்விகள். தேர்வில் வருவது 30. ஒவ்வொரு கேள்விக்கும் 2 முதல் 5 வரை புள்ளி, தப்பாகப் போட்டால் அந்தப் புள்ளி நம் கணக்கில் ஏறும். 10-ஐத் தாண்டினால் தோல்வி. 5 புள்ளிக் கேள்வி இரண்டு தப்பானால், வேறெதுவும் தப்பாகாவிட்டாலும் தோல்விதான். ஒரு கேள்விக்கு ஒன்று, இரண்டு, மூன்று விடைகூட சரியாக இருக்கலாம். அத்தனையையும் குறித்தால்தான் கணக்கு. ஜெர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம். ஆங்கிலம், துருக்கி, ரஷ்யன் எல்லாம் உண்டு. 2016-இல் அரபியும் சேர்ந்தது. நம் மொழிகள் எதுவும் கிடையாது. பெரும்பாலானோர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். நான் ஜெர்மனில் எழுதினேன், காரணம் பாடத்தின்போது ஆசிரியர் பேசப்போவதும் ரோட்டில் எழுதியிருப்பதும் ஜெர்மன்தான். முடிந்தவர்கள் அப்படிச் செய்வது நல்லது என்பது என் கருத்து.

கேள்விகளில் பல, போர்டைப் பார்த்து அர்த்தம் சொல்கிற வகை இல்லை. ஒரு படத்தையோ சின்ன வீடியோவையோ காட்டி, இங்கே எதை எதிர்பார்த்துத் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவில் ஒரு பந்து உருண்டு வருகிறது. பின்னாலேயே குழந்தை ஓடிவரும் என்று நினைத்தாயா, இல்லையா? பஸ் ஸ்டாப்பில் பஸ் நான்கு பக்கமும் விளக்குச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. அதைக் கடக்கும்போது நடை வேகத்துக்கு மேல் போகக் கூடாது. எதிர்ப்பக்கம் இருந்து வருகிற கார்களுக்கும் அதே விதி, ஏனென்றால் இறங்கும் பிள்ளை ரோட்டைத் தாண்டி எந்தப் பக்கமும் ஓடலாம்.

எனக்குப் படித்ததிலேயே மறக்காதது பிரேக் கணக்குதான். வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால், ஆபத்தைப் பார்த்ததில் இருந்து கால் பிரேக்கைத் தொடும்வரை கார் ஓடும் தூரம். வேகத்தைப் பத்தால் வகுத்து அதையே அதனால் பெருக்கினால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம். அவசர பிரேக் என்றால் அதில் பாதி. இப்போது போட்டுப் பாருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 9 மீட்டர் ஓடி, அவசர பிரேக்கில் இன்னும் நாலரை மீட்டர், ஆக 13.5 மீட்டரில் நின்றுவிடுகிறார். 50-இல் வருபவருக்குக் கால் பிரேக்குக்குப் போவதற்கே 15 மீட்டர் ஆகிறது. அதாவது முதல் கார் நின்றுபோன இடத்தில் இரண்டாவது கார் வேகம் சற்றும் குறையாமல் போய்க்கொண்டிருக்கும். இந்த ஒரு கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்த பிறகு, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வட்டம் போட்டிருப்பதைக் கண்டு எனக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை. இந்தக் கணக்கை நம் ஊரில் எல்.எல்.ஆர். எடுக்கும்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும். என் பிள்ளைகள் வயது வரும்போது நானே சொல்லிக்கொடுப்பேன்.

அப்புறம் பாடம். நான் பொள்ளாச்சிக்காரி. காரோட்டக் கற்றதும் அங்கேதான். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவும் எனக்குப் பழக்கம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணு, வளைவுக்கு முன்னாடியே ஹாரன் அடிச்சுரு. மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி உட்டுரு" என்பார். அந்த ரோட்டில் அது உயிர் காக்கும் பாடம். வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நான் வருகிறேன் என்று சொல்ல வேறு வழியே கிடையாது. ஊருக்குள்ளும் அப்படியேதான் ஓட்டுகிறோம். சந்தில் இருந்து எட்டிப் பார்க்கும் பைக்குக்கு ஒரு ஹாரன், முன்னால் போகும் மினி பஸ்ஸுக்கு ஒரு ஹாரன். கண்ணால் பார்த்து, சத்தத்தால் சொல்லி, அந்தந்த நேரத்தில் பேசி முடித்துக்கொள்கிறோம்.

இங்கே ஹாரனுக்கு விதியில் இரண்டே இடம்: ஆபத்து, இல்லையென்றால் ஊருக்கு வெளியே முந்தப்போகும்போது. மற்ற எதையும் பேசி முடிக்க வேண்டியதே இல்லை, யார் முதலில் என்பது முன்பே முடிவாகி இருக்கிறது. போர்டோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்தில் இருந்து வருபவருக்கே முதல் வழி. தெரு பெரியதா சின்னதா, நான் நேராகப் போகிறேனா, அவர் சந்தில் இருந்து வருகிறாரா, எதுவும் பொருட்டில்லை. அவர் வலப்பக்கம் இருந்தால் நான் நிற்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு வரி. ஓட்டும்போது நடப்பது இது. 30 என்று வட்ட போர்டு வைத்த தெரு. இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன. வலப்பக்கம் ஆள் உயரத்துக்குப் புதர்வேலி. அந்த வேலி எங்கே முடிகிறது என்று நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். முடியும் இடத்தில் சந்து ஒன்று திறக்கலாம். அதற்கு நான்கைந்து கார் தூரம் முன்பே ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, பிரேக்குக்கு மேல் வைத்துக்கொண்டு, தலையை வலப்பக்கம் நன்றாகத் திருப்பிச் சந்துக்குள் பார்க்க வேண்டும். பார்வை மறைந்திருந்தால் வேகம் இன்னும் குறைய வேண்டும், தேவைப்பட்டால் இரண்டாவது கியரில் இருந்து முதல் கியருக்கு. இத்தனையும் செய்துவிட்டு, அந்தச் சந்தின் வாயில் தரையைப் பார்க்க வேண்டும். நடைபாதையின் கல் விளிம்பு சந்தின் குறுக்கே தாழ்ந்து தொடர்ச்சியாகப் போகிறதா? போனால் அங்கிருந்து வருபவர்தான் நிற்க வேண்டும், வலது முதல் என்ற விதி அங்கே இல்லை. பிள்ளைகள் ரோட்டிலேயே விளையாட விட்டிருக்கும் விளையாட்டுத் தெருவில் இருந்தோ வீட்டு வாசலில் இருந்தோ வருபவருக்கும் அதேதான். ஒரே தெருவில் ஐந்து சந்து இருந்தால், ஐந்துக்கும் இத்தனையும் நடக்க வேண்டும். பின்னால் வருகிறவர் நெருங்கி வந்தாலும் அவசரப்படக் கூடாது.

என் ஆசிரியர் அறுபது வயதை ஒட்டியவர், சத்தமே போடாத மனிதர். ஒரு பாடம் முழுக்க, பெரிய ரோட்டுக்கே போகாமல் ஒரே குடியிருப்புப் பகுதியைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வைத்தார். ஒரு சந்தில் நான் நின்று, வலப்பக்கம் இருந்து வந்த வெள்ளை வேன் போய் முடிந்ததும், "அந்த வேன்காரர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கவனித்தீர்களா?" என்றார். ஆமாம், பார்க்கவில்லை. நான் நிற்பேன் என்று அவருக்குத் தெரியும், அவருடைய கவனம் முழுக்க அவருடைய வலப்பக்கத்தில் இருந்தது. "அந்த நம்பிக்கையை நீங்கள் காப்பாற்றினீர்கள். அதைத்தான் தேர்வில் பார்ப்பார்கள்" என்றார். ஐயா சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது அன்றைக்குத்தான்.

இந்த விதி நமக்கு அந்நியமானதும் இல்லை. இந்தியாவின் 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே, முக்கியச் சாலை என்று குறிக்கப்படாத சந்திப்பில் வலப்பக்கத்தில் இருந்து வரும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு ஊரில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போடச் சொன்னார்கள், போட்டுக் காட்டினோம், லைசென்ஸ் வந்தது. புத்தகத்தில் இருந்தது ரோட்டுக்கு இறங்கி வரவே இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. கெட்டிக்கார ஓட்டுநர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வால்பாறை பஸ்ஸை ஒரு தடவை ஏற்றி இறக்கும் டிரைவருக்கு இருக்கும் கை நிதானம் இங்கே எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியாது. விதியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்.

அடுத்தது சைக்கிள். இங்கே வலது பக்கம் திரும்பும்போது, நமக்கும் நடைபாதைக்கும் நடுவில் சைக்கிள்காரர் நேராகப் போய்க்கொண்டிருப்பார், அவருக்குத்தான் முதல் வழி. கண்ணாடியில் அவர் தெரியாத ஒரு இடம் உண்டு. அதனால் திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலே தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஷுல்டர்பிளிக் என்று இதைச் சொல்வார்கள். இதைச் செய்யாமல் தேர்வில் தேறியவரை நான் பார்த்ததில்லை. கண்ணின் ஓரத்தால் பார்த்தேன் என்பது கணக்கில் வராது. முந்தும்போது ஊருக்குள் சைக்கிளில் இருந்து ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 2020-இல் விதியாகவே எழுதிவிட்டார்கள். அந்த இடைவெளி இல்லையென்றால் முந்தாமல் அவர் பின்னாலேயே போக வேண்டும், எத்தனை நேரமானாலும்.

வலது ஸ்டீயரிங்கில் பழகியவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. காரின் பெரும்பகுதி நம் இடப்பக்கம் இருந்தே பழகியதால், இங்கே இடது சீட்டில் உட்கார்ந்ததும் கார் தானாக வலப்பக்கம் ஒதுங்கும், நின்றிருக்கும் கார்களின் கண்ணாடியை உரசும் அளவுக்கு. இது அறிவால் சரியாவதில்லை. ஓட்டி ஓட்டித்தான் உடம்புக்குப் புது அகலம் பிடிபடும். பாடம் எடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்டோபானைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அது குடியிருப்புத் தெருவைவிட எளிதாக இருந்தது. உள்ளே நுழையும் தடத்தில் தயங்காமல் வேகம் எடுத்து, கண்ணாடி, தோள், இன்டிகேட்டர் என்று பார்த்து, ஓடுகிறவர்களின் வேகத்திலேயே போய்ச் சேர வேண்டும். நுழைவுத் தடத்தின் கடைசியில் போய் நின்றுவிட்டால்தான் ஆபத்து. வேகக் கட்டுப்பாடு இல்லாத இடங்களில் 130 என்பது பரிந்துரை. காரணமில்லாமல் மெதுவாகப் போய் மற்றவர்களைத் தடுப்பதும் இங்கே தப்பு, தேர்விலும் அதைக் குறிப்பார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஏ 81-இல் லியோன்பெர்க் பக்கம் ஒரு மாலை போக்குவரத்து நெரிசலில் மெல்ல மெல்ல நின்றது. சைரன் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் இடது ஓரத் தடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இடப்பக்கம் ஒதுங்கினார்கள், மற்றத் தடங்களில் இருந்தவர்கள் வலப்பக்கம் ஒதுங்கினார்கள். நடுவில் ஒரு வழி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. நம் ஊரிலும் 108 வந்தால் பதறிக்கொண்டு வழிவிடுவோம், பைக்கில் முன்னால் போய் வழி ஒதுக்கிக் கொடுக்கும் பையன்களை நானே பார்த்திருக்கிறேன். இங்கே ஆம்புலன்ஸ் வருகிறதா என்று தெரிவதற்கு முன்பே, வேகம் நடை அளவுக்கு வந்ததுமே, வழி திறந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த நெரிசலில் யாருக்கு என்ன ஆனதோ தெரியாது. ஆனால் அவரை எடுக்க வருகிறவர்களுக்கு வழி தயாராக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேர்வு 55 நிமிடம். 2021-க்கு முன் இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஆசிரியர் பக்கத்தில், தேர்வாளர் பின் சீட்டில், கையில் டேப்லெட். முதலில் காரைப் பற்றி ஓரிரு கேள்வி: டயர் பள்ளம் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் (1.6 மில்லிமீட்டர்), எந்த விளக்கை எப்படிப் போடுவது என்கிற மாதிரி. அப்புறம் ஊருக்குள், ஊருக்கு வெளியே, ஆட்டோபான், ரிவர்ஸ் பார்க்கிங், ஒருவேளை அவசர பிரேக். ஆசிரியர் கால் அவருடைய பிரேக்கைத் தொட்டால் அத்தோடு முடிந்தது. என்னுடைய தேர்வில் பாதிக்கும் மேல் 30 வட்டத் தெருக்களிலேயே போனது. பார்க்கிங் எல்லாம் சட்டென்று முடிந்தது. முடிந்ததும் தேர்வாளர் எது நன்றாக இருந்தது, எதில் இன்னும் கவனம் வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னார். தேறியவருக்கும் இப்படிச் சொல்ல வேண்டும் என்று வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஜெர்மன் லைசென்ஸைக் கையில் வாங்கும்போது இந்திய லைசென்ஸை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அலுவலகத்தில் நின்று முழிப்பார்கள். பொள்ளாச்சியில் எடுத்த போட்டோவோடு இருந்த அந்தக் கார்டைக் கொடுக்கும்போது மனசு கனத்தது உண்மை. ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

குறிப்பாகப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணவரின் வேலைக்காக இங்கே வருகிற நம் பெண்கள் ஊரில் காரோ ஸ்கூட்டியோ தாமே ஓட்டியவர்கள். நகரத்துக்குள் வீடு கிடைப்பது கஷ்டம் என்பதால் தள்ளி ஒரு சின்ன ஊரில் குடிவைக்கிறார்கள். பஸ் மணிக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அதுவும் குறைவு. குழந்தை மருத்துவர் பக்கத்து ஊரில். கணவர் வரும்வரை காத்திருந்தே வருடங்கள் ஓடிவிடுகின்றன. முதல் ஆறு மாதத்தில் கணவர் ஓட்டிப் பழகி அப்படியே தேர்வு எழுதிவிடுவார், மனைவியின் லைசென்ஸ் அலமாரியில் தூங்கும். "அவருக்கு முதல்ல ஆகட்டும், எனக்கு அப்புறம்" என்று சொல்லும் பெண்களிடம் நான் கேட்டுக்கொள்வது, இரண்டு பேரும் ஒரே நாளில் விண்ணப்பம் கொடுங்கள் என்பதுதான். பணம் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால், பகல் முழுக்கப் பிள்ளைகளோடு இருப்பவருக்கு முதலில் எடுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு ரயில் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் ஊரிலேயே லைசென்ஸ் காலாவதி ஆகும் தேதியைப் பார்த்து, தேவையென்றால் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள். டூ வீலர் லைசென்ஸ் மட்டும் இருந்தால் அதைக் கார் லைசென்ஸாக மாற்ற முடியாது. நேரம் இருந்தால் காருக்கும் எடுத்துவிடுங்கள். இங்கே வந்ததும் நான்கு விஷயம்: லைசென்ஸின் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு, கண் பரிசோதனைச் சீட்டு, ஒரு நாள் முதலுதவி வகுப்பின் சான்றிதழ், பயோமெட்ரிக் போட்டோ. முதலுதவி வகுப்பு 45 நிமிடம் வீதம் 9 பாடம், பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும், சில இடங்களில் ஆங்கிலத்திலும் உண்டு. எந்த ஃபார்ஷூலே என்று முடிவு செய்துவிட்டு விண்ணப்பம் கொடுங்கள், படிவத்தில் கேட்பார்கள். அலுவலகம் பதில் அனுப்ப வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் தியரியைப் படித்து முடித்துவிடலாம். தியரி தேறிய 12 மாதத்துக்குள் பிராக்டிகல் தேற வேண்டும், இல்லையென்றால் தியரியை மறுபடி எழுத வேண்டியிருக்கும். ஆறு மாதம் முடிந்துபோனவர்களும் கைவிட வேண்டாம். மாற்றிக்கொள்ளும் உரிமை அதோடு போய்விடுவதில்லை, ஓட்டும் உரிமைதான் நிற்கிறது. பாடத்துக்கு ஃபார்ஷூலே காரில் ஆசிரியர் பக்கத்தில் இருப்பதால் தடையில்லாமல் ஓட்டலாம். கேட்டுப் பார்த்து, குடியிருப்புத் தெருக்களில் அதிகம் ஓட்டவைக்கும் ஆசிரியராகத் தேடிப் பிடியுங்கள்.